துறைமுகத்தில் அண்ணை கேளாமல் விட்ட செய்தி

என் எழுத்து வடிவாக இராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மறதியும் கூடிவிட்டதால் சில விஷயங்கள் முன்னுக்குப் பின்னாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணையின் ஆண்டு நினைவு மலருக்கு எழுதும்படி அவருடைய மனைவி, என் மச்சாள், கேட்டபோது கூச்சத்தில் மாட்டேன் என்றேன். அண்ணையின் நல்ல குணங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். அவருடைய மனதை அரித்துக்கொண்டிருந்ததை அருகில் இருந்து பார்த்தவள் நான் என்பதால் அதை எழுதுகிறேன்.

அண்ணை வடமராட்சியில் பிறந்தவர். ஐயா கண்மூடியபோது அவருக்கு மீசைகூட அரும்பவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் மூட்டை தூக்கி அக்காவையும் என்னையும் தம்பியையும் வளர்த்தார். பிறகு கனடாவுக்கு, ரொறன்ரோவுக்கு வந்து தொழிற்சாலையில் இரவு வேலை செய்து மோர்னிங்சைட்டில் வீடு வாங்கினார். என்னையும் ஸ்பொன்சர் செய்து எடுத்தார். அக்கா கலியாணம் முடித்து இங்கிலாந்தில் ஒரு கடற்கரை ஊருக்குப் போனார். தம்பி மட்டும் சண்டை நடந்த வன்னியில் நின்றுவிட்டான்.

யுத்தம் முடிகிற அந்த வைகாசியில்தான் அக்காவின் மகளுக்குக் கலியாணம். நாள் முன்பே வைத்தாயிற்று. அத்தான் உயிரோடு இல்லாதபடியால் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டியவர் தாய்மாமனான அண்ணைதான். அவரும் மச்சாளும் நானும் போனோம். தம்பியைப் பற்றி மாதக்கணக்காக ஒரு செய்தியும் இல்லை. தம்பி செத்தான் என்று காதில் விழுந்தால் அந்த நேரத்திலிருந்து அண்ணைக்குத் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்குக்காரர் மணவறையில் ஏறக்கூடாது. இதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் போன் அடிக்கும்போதெல்லாம் எல்லோரும் அண்ணையின் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

கலியாணத்துக்கு முதல்நாள் அக்கா அண்ணையையும் என்னையும் வீட்டை விட்டுத் துரத்தினார்.

“ரீவியில யுத்தச் செய்திக்கு முன்னால இருந்து இருந்து உங்கட முகம் செத்தவீட்டு முகமாப் போச்சு. பழைய துறைமுகம் கிட்டத்தான். சனங்கள் எங்கெங்கயிருந்தோ வந்து பாக்குதுகள். நீங்களும் போய்க் காத்து வாங்கிக்கொண்டு வாங்கோ.”

அது பாய்க்கப்பல் காலத்துத் துறை. கரை முழுக்கக் கல் அடுக்கியிருந்தது. கயிறு உராய்ந்து உராய்ந்து கல்லின் விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தது. எங்கள் ஊர்க் கடல் அவ்வளவாக வற்றாது. அங்கேயோ தண்ணீர் முழுவதும் இறங்கி, வள்ளங்கள் சேற்றில் சரிந்து கிடந்தன.

“இதென்னடி, கடலைக் காணேல்லை?” என்றார் அண்ணை. “பூட்டிப்போட்டுச் சாப்பிடப் போயிட்டாங்கள் போல.”

நான் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கடற்பறவை வந்து என் கையிலிருந்த உருளைக்கிழங்குப் பொரியலைக் கொத்திக்கொண்டு போனது. அண்ணையும் விழுந்து விழுந்து சிரித்தார். உடனே இரண்டு பேருக்கும் வெட்கமாகிவிட்டது. தம்பி அங்கே தண்ணீருக்கும் வழியில்லாமல் கிடப்பான். மிச்சத்தை நாங்கள் தொடவில்லை.

அப்போதுதான் அண்ணையின் போன் அடித்தது. அவருக்குக் காது மந்தம். அதனால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, உரத்துத்தான் கதைப்பார்.

“அண்ணை, வவுனியா ஆசுப்பத்திரியில இருந்து கதைக்கிறன். உங்கட தம்பியின்ர விசயமா…” என்றது தெரியாத ஆண் குரல்.

“பொறு ராசா, பொறு! ஒண்டும் சொல்லாதை!” என்று அண்ணை கத்தினார். “இப்ப எனக்குக் கேக்கேலாது. நாளைக்குப் பின்னேரம் எடு.”

போனை நிற்பாட்டிச் சட்டைப்பைக்குள் வைத்தார். தம்பி முடிந்துவிட்டான் என்றே இரண்டு பேரும் நினைத்தோம். “பிள்ளையின்ர கலியாணம் நடக்கட்டும்,” என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

அடுத்த நாள் தாரை வார்க்கும்போது செம்பு சரிந்து தண்ணீர் வெளியே ஊற்றுண்டது. மச்சாள் சேர்த்துப் பிடித்தார். பந்தி முடியமுன் அண்ணை மண்டபத்துக்கு வெளியே போய் அந்த இலக்கத்துக்குத் தானே எடுத்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

“நேற்று அவர் உயிரோடதான் இருந்தவர், அண்ணை,” என்றது அந்தக் குரல். “எனக்குப் பக்கத்துக் கட்டில். உங்களோட ஒரு சொல்லுக் கதைக்க வேணுமெண்டார். நான் சொல்லி முடிக்கமுன்னம் நீங்கள் வைச்சிட்டியள். பிறகு எடுத்தா உங்கட போன் வேலை செய்யேல்லை.”

“இப்ப எப்பிடி?”

“விடியப்புறம் போயிட்டார்.”

அதற்குப் பிறகு ரொறன்ரோவில் அண்ணை எந்த அழைப்பையும் இடையில் வைத்ததில்லை. வீட்டுக் காற்றுக்குழாய் துப்பரவாக்க வரட்டுமா என்று கேட்பவர்கள், காப்புறுதி விற்பவர்கள் எல்லோரையும் கடைசிவரை கேட்பார். “உவங்களோட என்ன கதை? வையுங்கோப்பா!” என்று மச்சாள் ஏசுவார். “பாவம், சொல்லி முடிக்கட்டும்,” என்பார் அண்ணை.

இதையெல்லாம் மலரில் போடலாமா என்று பெறாமகளிடம், அந்தக் கலியாணப் பிள்ளையிடம், கேட்டேன். “எழுதுங்கோ சின்னம்மா. மாமா எனக்காகத்தானே அப்பிடிச் செய்தவர்,” என்று அழுதாள்.

கடைசி நாட்களில் அண்ணையை இரவு பகலாய்ப் பார்த்த தாதிமாருக்கும், எங்களை ஆசுப்பத்திரிக்கு ஏற்றி இறக்கிய மோர்னிங்சைட் அயலவருக்கும், சோறு கறி கொண்டுவந்து தந்த சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டது. அங்கே கட்டிலில் கிடந்தபடி அண்ணை என்னிடம் கேட்டார்: “அண்டைக்கு நான் கத்தினது தம்பிக்குக் கேட்டிருக்குமோ?”

“இல்லை அண்ணை, கேட்டிராது,” என்றேன். அதைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஊர், உறவு விபரங்களில் பிழை இருந்தால் பெறாமகள் பார்த்துத் திருத்தட்டும். அன்று வவுனியா ஆசுப்பத்திரி வாட்டில் தம்பிக்குப் பக்கத்தில் இருந்த எவருக்காவது இந்த மலர் கிடைத்தால், அண்ணைக்கு நான் சொன்ன பதில் சரிதானா என்று தயவுசெய்து பார்த்துச் சொல்லுங்கள். எனக்கு அது தெரியாது.