கடைசிக் கம்பத்தின் எர்த்து

கடைசிக் கம்பத்துக்கு நேரே ‘சரி’ என்று எழுதியது நான்தான். அறுபதுகளின் நடுவில், குற்றாலத்தில் அருவிக்குப் போகும் பாதையில் விளக்குக் கம்பங்கள் நட்டபோது நான் அங்கே சூப்பர்வைசர். சோதனைத் தாளில் கம்பத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு இரும்புக் கம்பத்திலும் எர்த்துக் கம்பி கட்டி, அதன் மறுமுனையை மண்ணில் குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டுப் புதைக்க வேண்டும் என்பது விதி. உள்ளே வயர் பழுதாகிக் கம்பத்தில் மின்சாரம் ஏறினால் அது எர்த்து வழியே மண்ணுக்குப் போய்விடும், ஃபியூஸ் எரிந்து விளக்கு அணையும். பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரிகிற விதிதான்.

கடைசிக் கம்பம் பாறைமேல் நின்றது. அங்கே குழி வெட்ட வழியில்லை. கம்பியைச் சரிவில் இறக்கி, கீழே மண் இருக்கும் இடத்தில்தான் புதைக்க வேண்டும். என்னிடம் வேலை பார்த்த வயர்மேன் தென்காசிக்காரர், என்னைவிட மூத்தவர். பேச்சு குறைவு, வேலை சுத்தம். “ரெண்டு நாள் பொறுங்க சார், முடிச்சிருதேன்” என்றார். மறுநாள் சீசன் தொடக்கம், மேலதிகாரிகள் வருகிறார்கள். எனக்கு நல்ல பெயர் வாங்கும் அவசரம். “சாரல்ல மூணு மாசம் நனைஞ்சுக்கிட்டே நிக்குத கம்பத்துக்கு எர்த்து எதுக்கு அண்ணாச்சி? அந்தத் தண்ணியே எர்த்துதான்” என்றேன். குற்றாலத்தில் வேலை பார்த்த நாங்கள் எல்லாருமே அப்படித்தான் பேசிக்கொள்வோம். “பாறை மேல ஓடுத தண்ணி மண்ணாயிருமா சார்?” என்று கேட்டார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு எர்த்து இல்லாமலே மின் இணைப்பைக் கொடுத்தார். சீசன் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

ஆடி மாதம் ஒரு சாயங்காலம், விளக்குப் போட்ட சற்று நேரத்தில், பாவூர்சத்திரத்திலிருந்து குளிக்க வந்த ஒரு பெண் ஈரச் சேலையைக் காயப்போட அந்தக் கம்பத்தில் முடிச்சுப் போடப் போனாள். அங்கேயே உயிர் போய்விட்டது. தலை துவட்டிக்கொண்டிருந்த அவள் கணவர் சத்தம் கேட்டுத்தான் திரும்பினாராம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியமில்லாமல் ஆபீசிலேயே உட்கார்ந்திருந்தேன்.

விசாரணையில் வயர்மேன் நடந்ததை நடந்தபடி சொன்னார். அதிகாரி என் தாளை அவர்முன் நீட்டினார். எர்த்து கட்டியதாகத் தாளில் இருக்கிறது, கம்பத்தில் இல்லை. அப்படியானால் எர்த்துக்கான செம்புக் கம்பியைக் கழற்றி விற்றிருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவருக்கு வேலை போயிற்று. தென்காசி முழுக்க ‘கம்பி திருடன்’ என்று பெயர் வேறு. எனக்கு அடுத்த வருஷமே பதவி உயர்வு, கோழைக்கும் அதெல்லாம் தடையில்லாமல் கிடைக்கும்.

ஓய்வு பெற்ற பிறகு, ஒருவழியாகத் துணிந்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் காலமாகி எட்டு மாதம் ஆகியிருந்தது. வாசலில் நின்றபடியே அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், அழுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“சாவுத அன்னைக்கும் ‘நான் எடுக்கல’ன்னுதான் சொன்னாவ. சரி சரின்னு தலையாட்டிக்கிட்டு இருந்தேன். நாங்கூட நம்பலியே சார்.”