அண்ணனின் இடது காது

ஜப்பான்காரன் எங்கள் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில் எங்கள் வீட்டில் அரிசி கிடையாது, சீனி கிடையாது, மாற்றுத் துணி கிடையாது. கவலைக்கு மட்டும் பஞ்சமே வந்ததில்லை. அதிலும் ஒரு வாரம் முழுக்க வீடே என் அண்ணனின் இடது காதுக்காகக் கவலைப்பட்டது.

அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் காதில் சீழ். தலை கொஞ்சம் நனைந்தாலே வலி வந்துவிடும். ஆனால் படிப்பில் புலி. நாங்கள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் மற்றவர்கள் ஜப்பான் மொழியில் வணக்கம் சொல்லவே திணறியபோது, அவன் சரளமாகப் பேசினான். கெட்டிக்காரத்தனமே வினையாகிவிட்டது. மொழிபெயர்க்க ஆள் வேண்டும், விமானத்தில் வா என்று உத்தரவு வந்தது. எங்கே, எத்தனை நாளைக்கு என்று சொல்லவில்லை. சயாமில் ரயில்பாதை போடக் கூட்டிப்போன பின்வரிசை வீட்டு ஆட்களுக்கும் எதுவும் சொல்லவில்லை. அவர்களில் ஒருவரும் திரும்பவில்லை. அந்தப் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் எடுக்கமாட்டார்கள்.

காதைப் பற்றித்தான் பேசினார்கள். விமானத் திடலில் எடுபிடி வேலை பார்த்த எதிர்வீட்டு மாமா வந்து பயமுறுத்திவிட்டுப் போனார்.

“ஏறுறப்பகூடப் பரவால்ல லா. எறங்குறப்பதான் காது பிச்சிக்கும். எச்சில முழுங்கிக்கிட்டே இருக்கணும், எதையாச்சும் மெல்லணும். தூங்கிடாத தம்பி. சளி இருந்தா ஏறவே கூடாதாம்.”

அண்ணனுக்கு அப்போது நல்ல சளி. அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

அன்றே வைத்தியம் ஆரம்பமானது. காலையில் ஆவி, மாலையில் சுக்குக் கஷாயம். விமானத்தில் வாயில் அடக்கிக்கொள்ளப் புளியையும் உப்பையும் இடித்து அம்மா உருண்டை பிடித்தாள். பிறகு ஒத்திகை. நான்தான் விமானம். பெஞ்சியின் மேல் கைகளை விரித்து நின்று “எறங்குது, எறங்குது” என்று கத்துவேன். அண்ணன் எச்சில் விழுங்க வேண்டும். தொண்டைக்குழி அசைகிறதா என்று அம்மா உற்றுப் பார்ப்பாள். அவன் சிரித்துவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து. அப்பா மட்டும் இதில் சேரவில்லை. நாங்கள் ஆரம்பித்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். அவருக்கு அண்ணன் மேல் பாசமே இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில், யாரும் சொல்லாத ஒன்றையும் அம்மா செய்தாள். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயில் பஞ்சை நனைத்து அண்ணனின் இரண்டு காதிலும் திணித்தாள்.

“எறங்குற வரைக்கும் எடுக்காதடா” என்று அவன் காதருகே கத்தினாள்.

லோரி வந்து அவனை ஏற்றிக்கொண்டு போனது.

அன்று அடுப்பு எரியவில்லை. வானத்தில் எந்தச் சத்தம் கேட்டாலும் அம்மா வாசலுக்கு ஓடினாள். “இப்ப எறங்கியிருக்குமாடி?” என்று என்னிடம் கேட்டாள். எட்டு வயதில் எனக்கு என்ன தெரியும்? “முழுங்கியிருப்பான்மா” என்றேன்.

பொழுது சாய்வதற்கு முன் அண்ணன் நடந்தே வந்து சேர்ந்தான். சட்டையின் இடது தோளெல்லாம் ரத்தம். திடலில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். அதிகாரி பின்னாலிருந்து வந்து உத்தரவு போட, மற்றவர்கள் குனிந்து வணங்கியிருக்கிறார்கள். பஞ்சு அடைத்த அண்ணனுக்குக் கேட்கவில்லை. அவன் மட்டும் நிமிர்ந்து நின்றிருக்கிறான். விழுந்தது ஓர் அறை. காதிலிருந்து ரத்தம் கொட்டவும், செவிட்டு மொழிபெயர்ப்பாளன் எதற்கு என்று துரத்திவிட்டு, வேறொரு பையனை ஏற்றிக்கொண்டார்களாம்.

“இந்தக் காது போச்சும்மா. சுத்தமா கேக்கல” என்று அண்ணன் அழுதான்.

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழப்போகிறாள் என்று நினைத்தேன். பஞ்சு வைத்தவள் அவள்தானே. அவளோ அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, அந்த ரத்தத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள். அப்பா அண்ணனைக் கட்டிக்கொண்டு விம்மினார். இருந்த ஒரே தேங்காயை எடுத்துக்கொண்டு அம்மா பிள்ளையார் கோயிலுக்கு ஓட்டமாக ஓடினாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒரு வாரம் எங்களைப் பாடாய்ப் படுத்தி அந்தக் காதைப் பார்த்துக்கொண்டவள், அது போன அன்று தேங்காய் உடைக்கிறாளே, இவளுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குப் புரியவேயில்லை.