அம்மாவின் புடவையும் அண்ணாவின் கம்பியும்

அண்ணா கிழக்கேகோட்டை அக்ரஹாரத்து வீட்டில் பிறந்து, அதே வீட்டில் கண் மூடினார். அப்பா காலமானதும் படிப்பை விட்டு ஆபீஸ் வேலைக்குப் போனார். எனக்குக் கல்யாணம் செய்துவைத்தார். தமக்கென்று அவர் ஆசைப்பட்டது கூரையிலிருந்து கொல்லைத் தென்னை வரை ஒரு கம்பி, அவ்வளவுதான்.

சுதந்திரத்துக்குப் பின் லைசென்ஸ் வாங்கி, கடல் தாண்டியும் செய்தி அனுப்பிப் பதில் வாங்கும் அமெச்சூர் ரேடியோ வைத்தார். ஒவ்வொரு அலைவரிசைக்கும் வேறு வேறு நீளத்தில் கம்பி வேண்டுமாம். எங்கள் வீட்டில் ஒன்றுக்கே இடம். ஆகவே ஒரு டியூனர் பெட்டி செய்தார். குமிழைத் திருகினால் அதே கம்பி நாற்பது மீட்டர் அலைக்கும் இருபது மீட்டர் அலைக்கும் ஒத்துவரும். பெட்டிமேல் இருந்த சிறு பல்பு எப்போது நன்றாக எரிகிறது என்று பார்த்துச் சொல்வது அவர் மனைவி, எங்கள் மன்னியின் வேலை.

அம்மாவுக்கு இடி பயம். ஐப்பசியில் இடியோடு வரும் துலாமாத மழைக்குள் கடல் தாண்டி ஒரு பதிலாவது வராவிட்டால் கம்பியை இறக்கிவிட வேண்டும் என்று கெடு வைத்தார்.

செய்தி அனுப்பும்போது கம்பியைத் தொட்டால் சுடும். "அதுவும் மடிதாம்மா, யாரும் தொடப்படாது" என்று அண்ணா சொல்லிவைத்திருந்தார். அம்மா அதை நன்றாகவே புரிந்துகொண்டார். யாரும் தொடாத கம்பி இருக்கையில் வேறு கொடி எதற்கு? கெடு முடிய இரண்டே நாள் இருந்தபோது, ஈர ஒன்பது கஜத்தைக் கோலால் அதன்மேல் விரித்துவிட்டுக் கோயிலுக்குப் போய்விட்டார்.

மடிப் புடவையை எங்களில் யார் தொடுவது? அண்ணா சிரித்துக்கொண்டே புடவை கிடந்த கம்பிக்கே ஒத்துவரும்படி குமிழைத் திருகினார். மங்கிக் கிடந்த பல்பு எரிந்ததும் மன்னி கையைத் தூக்கினார். அரைமணியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒருவர் பதில் தந்தார்.

எல்லாம் தம் புடவையால்தான் என்று அம்மா தெரு முழுக்கச் சொன்னார். அண்ணா கடைசிவரை மறுக்கவே இல்லை. அந்த மனசுக்காகவே அவரை எனக்கு அத்தனை பிடிக்கும்.

அண்ணா நெஞ்சுவலியில் படுத்த பத்து நாளும் பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், கூலி வாங்காமல் தென்னை ஏறிக் கம்பி கட்டிய வேலாயுதனுக்கும், துணை நின்ற எல்லோருக்கும் எங்கள் நமஸ்காரம். காரியம் முடிந்ததும் கம்பியை இறக்கித்தர நண்பர்கள் வந்தார்கள். "இருக்கட்டும், அவ பரீட்சைக்குப் படிக்கறா" என்று அம்மா அவர்களைத் திருப்பி அனுப்பினார்.

மன்னி போன மாதம் ரேடியோ லைசென்ஸ் பரீட்சையில் தேறிவிட்டார். இப்போது அம்மா ஈரப் புடவையும் கோலுமாக முற்றத்தில் நின்று, உள்ளே குமிழைத் திருகும் மன்னியைப் பார்த்துக் கேட்கிறார்:

"இன்னிக்குப் போடட்டுமாடி, வேண்டாமா?"

— தங்கை