மலரின்ரை அடுப்பும் என்ரை அடுப்பும்

விடிய இடியப்பப் பெட்டியோடை விடுதி வாசலிலை போய் நிக்கிறன், மலர் வெறும் பெட்டியோடை திரும்பி வாறாள். "அக்கா, பெடியள் சாப்பிட்டு முடிஞ்சுது. நாளைக்குக் கெதியா வாங்கோ" எண்டு ஒரு சிரிப்பு. அவளுக்குப் பல்லும் வடிவு, அதுவும் எனக்கு எரிச்சல்.

நான் திருநெல்வேலியிலை இடியப்பம் அவிச்சு விக்கிறவள். எழுத்துத் தெரியாது, நான் சொல்லப் பேத்தி எழுதுறாள். இந்தத் தொழிலுக்கு வாற பிள்ளையளுக்குத்தான் சொல்லுறன், கேளுங்கோ. காஸ் இல்லாத நேரம் நானும் பக்கத்து வீட்டு மலரும் ஒரே கடையிலை ஒரே மாதிரிக் கரண்ட் அடுப்பு வாங்கினனாங்கள். அவளின்ரை தண்ணி தளதளவெண்டு கொதிக்கும். என்ரை தண்ணி நித்திரை கொள்ளும். கம்பஸிலை படிக்கிற பெடியளின்ரை விடுதிக்காரர் சொல்லிப்போட்டார்: "இந்தக் கிழமை ஆர் நேரத்துக்குக் கொண்டு வருகினமோ, அவைக்குத்தான் இனி ஓடர்."

கடைக்காரன் அவளுக்கு நல்லதைக் குடுத்து எனக்குக் கழிவைத் தள்ளிப்போட்டான் எண்டு வயிறு எரிஞ்சுது. மலர் அந்தச் சிவப்புக்கரைச் சீலை கட்டினால் எந்தக் கடைக்காரனும் பல்லைக் காட்டுவான், அது வேறை கதை. நேரை மலரிட்டைப் போய்க் கேட்டன்.

"உன்ரை அடுப்பைத் தா, என்ரையைப் பிடி."

"கொண்டு போங்கோ அக்கா. பேந்து சட்டியும் கேப்பியளோ?"

கொண்டு வந்து வைச்சால், அவளின்ரை அடுப்பும் என்ரை குசினியிலை நித்திரை! என்ரை அடுப்பு அங்கை போய்த் தளதளக்குது, துரோகி.

கரண்ட் வேலை செய்யிற யோகனைக் கூப்பிட்டன். மீட்டரோடை வந்து பிடிச்சான். மலர் வீட்டிலை இருநூற்றிமுப்பது வோல்ற், பத்து அம்பியர். என்ரை குசினியிலை நூற்றியெண்பத்திநாலு வோல்ற், எட்டு அம்பியர்.

"எணை அம்மா, வோல்ற்றை அம்பியராலை பிரியுங்கோ. அங்கையும் இருவத்திமூண்டு, இஞ்சையும் இருவத்திமூண்டு. அதுதான் றெசிஸ்ரன்ஸ், அடுப்புக்குள்ளை இருக்கிற சுருள் கரண்டை மறிக்கிற அளவு. ரெண்டு அடுப்பும் ஒண்டுதான்."

"அப்ப ஏன் அவளுக்கு மட்டும் கொதிக்குது?"

"இப்ப ரெண்டையும் பெருக்குங்கோ. அங்கை ரெண்டாயிரத்து முந்நூறு வாற்ஸ். இஞ்சை ஆயிரத்து நானூற்றிச் சொச்சம்."

"மிச்சத்தை ஆர் திண்டது? மலரோ?"

"வீட்டுக்குள்ளை கரண்ட் வாற மெயின் போட்டிலை இருநூற்றிமுப்பது சரியா இருக்கு. நாப்பத்தாறு வோல்ற் குசினிக்கு வாற வழியிலை குறைஞ்சுபோச்சு" எண்டு வயரைப் பாத்துக்கொண்டே போனான். மூத்தவளின்ரை கலியாணப் பந்தலுக்கு லைற் கட்டின மெல்லிய வயர் அது. அண்டைக்குக் கொட்டின மழையும் மாப்பிள்ளையின்ரை தாய் நனைஞ்ச கோலமும், சொன்னால் விடியும். அதைத்தான் குசினிக்கு இழுத்து, மிச்சத்தைச் சுத்தி அலுமாரிக்குப் பின்னாலை போட்டிருந்தம். பக்கத்திலை எங்கடை பூனை. நான் அடுப்புப் போட்டால் அது அதிலை வந்து படுத்திடும். சோம்பேறி எண்டு ஏசுவன்.

யோகன் வயருக்குக் கிட்டக் கையைக் கொண்டு போயிட்டு உதறினான். "நாப்பத்தாறை எட்டாலை பெருக்குங்கோ. முந்நூற்றியறுபத்தெட்டு வாற்ஸ் இந்த வயரைச் சுடவைக்குது, மற்றதை இது உள்ளை வரவே விடேல்லை. அதிலை இந்தப் பூனையார் குளிர்காயிறார். விட்டிருந்தால் வீடும் எரிஞ்சிருக்கும்."

பயத்திலை எனக்கு ஏங்கிப்போச்சு. இவ்வளவு நாளும் மலரைத் திட்டினது வீண், சூடு எங்கை போகுதெண்டு தெரிஞ்சும் சொல்லாத பூனையை எல்லோ இன்னும் திட்டியிருக்க வேணும்!

தடிச்ச வயர் போட்டான். கிழமை முடியிற அண்டைக்கு வாசலிலை நான்தான் முதல். விடுதிக்காரர் யோசிச்சுப்போட்டு ஓடரை ரெண்டு பேருக்கும் பாதி பாதியாப் பிரிச்சார். அவளின்ரை பாதி பெரிசு போலை இப்பவும் எனக்குத் தெரியுது.

பிள்ளையள், அடுப்பைக் குறை சொல்ல முதல் கரண்ட் வேலை தெரிஞ்ச ஆளைக் கொண்டு வோல்ற்றும் அம்பியரும் பிடிச்சுப் பாருங்கோ. வயரை மட்டும் நீங்கள் தொடாதேங்கோ.

பூனைக்குத்தான் கோவம். இப்ப விடிய மலரின்ரை குசினியிலை போய்ப் படுக்குது. அங்கை அப்பிடி என்ன சூடெண்டு பாக்க, யோகனை மீட்டரோடை வரச் சொல்லியிருக்கிறன்.