டீச்சருக்குப் போகாத சேதி

எட்டு வயதில், வளப்பூர் நாடு என்ற மலையூரில், ஒரு சபையையே கலைக்கப் பார்த்தவள் நான். சபை என்றால் கோபுரமும் மணியும் இல்லை. கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த நான்கு குடும்பங்கள், நர்ஸான என் அம்மாவுக்குக் கொடுத்திருந்த குவார்ட்டர்ஸ், விரிக்க ஒரு ஜமுக்காளம். அவ்வளவுதான். போதகர் மாதம் ஒருமுறை கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே பஸ்ஸில் வந்து நற்கருணை கொடுப்பார். மற்ற ஞாயிறுகளில் நாங்களே சேர்ந்து ஜெபிப்போம். பாட்டுக்குப் பள்ளிக்கூட டீச்சர். அவர் பாடினால் அப்பா சொக்கிப் போவார். அம்மா ஜன்னலைப் பார்ப்பாள்.

ஒரு சனிக்கிழமை அம்மா என்னை அனுப்பினாள். "கண்ணு, நாளைக்கு ஜெபம் நாலு மணிக்கில்ல, ரெண்டு மணிக்குன்னு டீச்சரூட்ல சொல்லிட்டு வா." டீச்சர் வீடிருந்த மேட்டில் செல்போன் சிக்னல் எட்டாது. பாதி வழியில் ஒரு களத்தில் நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. சேதியாவது ஒன்றாவது! பொழுது சாயும்வரை குட்டிகளைக் கொஞ்சிவிட்டு வந்து, "சொல்லிட்டேம்மா" என்றேன்.

மறுநாள் நாலு மணிக்கு டீச்சர் வந்தபோது ஜெபம் முடிந்து நாங்கள் டீ குடித்துக்கொண்டிருந்தோம். தன்னை ஒதுக்கிவிட்டதாக நினைத்து வாசலோடு திரும்பிவிட்டார். "சொல்லியனுப்பியும் வேணும்னே லேட்டா வாராங்க" என்றாள் அம்மா. அதோடு பேச்சு நின்றது. டீச்சர் வராமல் பாட்டும் நின்றது. இன்னொரு குடும்பமும் மெல்ல நழுவியது. இந்த மாதத்தோடு கூட்டத்தை நிறுத்திவிடலாமா என்று அப்பாவே கேட்டார். நான் தினமும் போர்வைக்குள் ஆண்டவரிடம் ஒப்புக்கொண்டுதான் இருந்தேன். அவரோ ரகசியம் காப்பதில் பெரிய ஆள், யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அடுத்த முறை போதகர் விஷயத்தைக் கேள்விப்பட்டு நேரே டீச்சர் வீட்டுக்குப் போய் அவரைக் கையோடு கூட்டி வந்தார். நழுவிய குடும்பமும் வந்தது. அப்பத்தையும் ரசத்தையும் மேசையில் மூடிவைத்துவிட்டு, "ஆண்டவர்கிட்ட தனியாச் சொன்னது போதுங்க. இன்னிக்கு ஒருத்தருக்கொருத்தர் சொல்லுங்க. அப்புறந்தான் நற்கருணை" என்றார்.

என்ன தைரியமோ, நான் எழுந்து நாய்க்குட்டிக் கதையை அழுதுகொண்டே கொட்டிவிட்டேன்.

"அட கழுதை!" என்றார் அப்பா. டீச்சர் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "இதுக்கா சாமி ஒரு மாசமா மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தேன்? நானாச்சும் ஒரு வார்த்தை வந்து கேட்டிருக்கலாமே!"

அடி நிச்சயம் என்று அம்மாவைப் பார்த்தேன். அவள் எழுந்தாள்.

"இவ போகலைன்னு எனக்கு அடுத்த வாரமே தெரியுங்க. களத்துக்காரங்க ஊசி போட வந்தப்ப சொன்னாங்க. பாட்டுன்னா எல்லாரும் டீச்சரையே பாக்கறாங்கன்னு எனக்குப் பொறாமைங்க. வராட்டிப் போகட்டும்னு கம்முனு இருந்துட்டேன்."

டீச்சர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஆளாளுக்குச் சொன்னார்கள். ஜெபத்தில் தான் கண் மூடுவது தூங்கத்தான் என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். சிரிப்பும் அழுகையுமாக நற்கருணை முடிந்தது. அம்மாவும் டீச்சரும் ஒரே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பாடிய பாட்டில் கூரை பறக்காததுதான் மிச்சம். "ஏனுங்க, உள்ள கண்ணாலமா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் எட்டிப் பார்த்தார். கூட்டம் நிற்கவே இல்லை. நாங்கள் மாற்றலாகிப் போகும்போது ஜமுக்காளம் போதாமல் பாயும் விரித்திருந்தார்கள்.

சபையைக் காப்பாற்றியது நான்தான் என்று வெகுநாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். நான் சொன்னதுமே பழி முழுக்க என் தலையில் விழுந்து முடிந்திருந்தது. அதற்குப் பிறகு அம்மா எழுந்து நிற்க வேண்டிய அவசியமே இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.