படத்தில் எல்லாம் சரி

எண்பதுகளின் கடைசியில், நாங்கள் குற்றாலத்தில் இருந்தபோது நடந்தது இது. என் கணவருக்கு மெயின் அருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர் வேலை. லாட்ஜின் பின்னாலேயே குடியிருந்தோம். சீசன் வந்தால் இரவும் பகலும் அருவி இரைச்சல்தான். ஒருவரை ஒருவர் தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவோம். அதனால், கூப்பிட்டால் என் மகள் திரும்பாதது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. எனக்கு மட்டும் சந்தேகம் அவ்வப்போது வரும்.

"இந்த இரைச்சல்ல எனக்கே ஒண்ணும் கேக்கல, பச்சைப் புள்ளைக்கு எப்படிட்டி கேக்கும்?" என்பார்கள் தென்காசியிலிருந்து வரும் என் மாமியார். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் இருந்துவிடுவேன்.

அவளுக்கு இரண்டு வயதானபோது கோடையில் அருவி சுத்தமாக வற்றியது. ஊரே அமைதியாகிவிட்டது. ஒரு நாள் என் கையிலிருந்து எவர்சில்வர் தாம்பாளம் நழுவித் தரையில் விழுந்தது. தெருவில் போனவர் நின்று எட்டிப் பார்த்தார். என் காலடியில் விளையாடிக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை.

தென்காசி, திருநெல்வேலி என்று டாக்டர்களிடம் அலைந்து, கடைசியில் மெட்ராசுக்குப் போனோம். அப்போது அவளுக்கு நாலு வயது. அங்கே புதிதாக வந்திருந்த காந்த ஸ்கேனில் உள்காதைப் படம் எடுக்கச் சொன்னார்கள். நானும் கூட நிற்கலாம், ஆனால் உடம்பில் நகை எதுவும் இருக்கக் கூடாதாம். மஞ்சள் துண்டு கோத்த கயிற்றைக் கட்டிக்கொண்டு தாலிக்கொடியைக் கழற்றி என் கணவரிடம் கொடுத்தேன்.

"அம்மாட்ட சொல்லிராத" என்றார்.

தகரக் கூரையில் சம்மட்டியால் அடிப்பதுபோல மிஷின் அடித்தது. எனக்கு உடம்பு அதிர்ந்தது. அவளோ என் முகத்தையே பார்த்தபடி அசையாமல் படுத்திருந்தாள்.

"மத்த குழந்தைங்க அலறிடும்மா. உங்க பொண்ணு ரொம்ப தைரியசாலி!" என்றார் படம் எடுத்தவர். நானும் சிரித்து வைத்தேன்.

டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். நத்தை ஓடுபோல் சுருண்ட ஒன்று, பக்கத்தில் மூன்று அரை வளையங்கள். "அமைப்புல ஒரு குறையும் இல்லம்மா. நரம்பும் இருக்கு" என்றார். நான் கைகூப்பிவிட்டேன்.

"அப்போ கேட்கும்தானே டாக்டர்?"

"படத்துல உருவம்தான் தெரியும். அது வேலை செய்யலை. ஏன்னு எங்களுக்கும் தெரியலை. உடனே காதுக்கு மிஷின் வைங்க, தனிப் பள்ளிக்கூடத்துல சேருங்க."

தென்காசி வீட்டில் மாமியாருக்கு டாக்டர் சொன்னதில் முதல் பாதி மட்டுமே போதுமானதாக இருந்தது. "குறையே இல்லன்னு பெரிய டாக்டரே சொல்லுதாரு. பெறவு எதுக்கு மிசினு? ஊருக்கெல்லாம் செவிடுன்னு காட்டவா? இலஞ்சி முருகனுக்கு நேந்திருக்கேன். புள்ள பேசிரும்."

என் கணவர் தலைகுனிந்துகொண்டார். அதுவரை மாமியாரை நான் எதிர்த்துப் பேசியதில்லை.

"படம் நல்லாத்தான் இருக்கு அத்தை. புள்ளைக்குக் கேக்கல" என்றேன்.

அந்த வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அத்தை எழுந்து, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "பாப்பா" என்றார்கள். பிறகு சத்தமாக. பிறகு கையைத் தட்டி, "ஏட்டி, பாப்பா!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். அவள் பாயிலிருந்து ஒரு கோரையை உருவிக்கொண்டிருந்தாள். அத்தை சுவரைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அடுத்த மாதமே அவளை வெளியூரில் ஒரு பள்ளி விடுதியில் சேர்த்தோம். நெஞ்சில் காது மிஷின் பெட்டி தொங்க, புதுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போய்வருகிறேன் என்று சொல்ல வழியில்லாமல், தோளைத் தொட்டேன். திரும்பினாள்.

இப்போதும் சீசன் தொடங்கி அருவி கொட்டும்போது எல்லாரும் மகிழ்கிறார்கள்; எனக்கு மட்டும், அந்த இரைச்சலுக்குள் இரண்டு வருடம் நாங்கள் ஒளிந்துகொண்டிருந்தோமோ என்ற கேள்வி, தண்ணீரைவிடச் சத்தமாகக் கேட்கிறது.