முன்சக்கரம் பின்னால் போன நாள்

நசுங்கிய எலுமிச்சம்பழச் சாறும் சூடேறிய கியர் ஆயிலும் கலந்து வரும் வாசனையை எத்தனை பேர் முகர்ந்திருப்பீர்களோ தெரியாது. எனக்கு அது எங்கள் குடும்பத்தின் வாசனை. யாராவது புது வண்டிக்குப் பூஜை போட்டு, சக்கரத்தடியில் வைத்த பழம் 'டப்'பென்று வெடித்தால், நான் ஆறாம் வகுப்புப் படித்த வருஷத்து ஆவணி வெள்ளிக்கிழமை ஒன்று கண்முன் வந்து நிற்கும். அன்றைக்கு எங்கள் பிக்கப் வண்டிக்கு வைத்த நாலு பழத்தில் இரண்டுதான் வெடித்தன. வெடிக்காத இரண்டைக் காட்டி எங்கள் தோட்டத்தை எழுதி வாங்கிவிடப் பார்த்தார் பெரியப்பா. நாங்கள் எழுதிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பாவுக்குக் கணபதியில் தகரக்கூரை போட்ட சின்னப் பட்டறை. ஒரு லேத், ஒரு வெல்டிங் மெஷின், அவ்வளவுதான். அன்னூருக்கு அந்தப் பக்கம், அண்ணன் தம்பி பாகம் பிரித்ததில் வந்த நாலு ஏக்கர் தோட்டத்தில் வாழை வைத்திருந்தோம். பிரிக்கும்போது கிணறு எங்கள் பக்கம் வந்தது. தோட்டத்துக்குப் போகிற 'இட்டேரி', அதாவது இரண்டு பக்கமும் வேலி வைத்த வண்டித்தடம், பெரியப்பா பக்கம் போனது. "அண்ணந்தம்பிக்குள்ள தடத்துக்கு எதுக்குடா எழுத்து?" என்று அவர் சொன்னதை நம்பி அப்பா பத்திரத்தில் எழுதாமல் விட்டுவிட்டார். வாழை குலை தள்ளிய மாதத்தில் இட்டேரி வாயில் இரும்புக் கேட்டும் பூட்டும் முளைத்தன.

"வண்டி போக வழியில்லாத தோட்டத்த வெச்சுட்டு என்ன பண்ணுவே தம்பி? எனக்கே கிரயம் பண்ணிக் குடுத்துப்போடு" என்றார் பெரியப்பா, ஏதோ எங்கள் பாரத்தை அவர் தலையில் வாங்கிக் கொள்கிற மாதிரி.

மிச்சமிருந்த வழி பின்பக்கத்துப் பள்ளம் ஒன்றுதான். மழைக்கு மட்டும் தண்ணீர் ஓடுகிற ஓடையை எங்கள் பக்கம் பள்ளம் என்போம். அடியில் கணுக்கால் புதைகிற மணல், அதைத் தாண்டினால் நெட்டுக்குத்தான கரை. எங்கள் பிக்கப்பில் பின்சக்கரம் இரண்டுக்குத்தான் இழுப்பு உண்டு, முன்சக்கரம் இரண்டும் சும்மா கூடவே உருண்டு வரும், ஆகவே வெறும் வண்டியே மணலில் அச்சு வரைக்கும் புதைந்து போனது. இழுத்து விடுவதற்குப் பக்கத்தில் இருந்த ஒரே டிராக்டர் பெரியப்பாவுடையது. மறுக்காமல் அனுப்பி வைத்தார், தானும் கூடவே வந்தார், கரையில் நின்று வெற்றிலை போட்டபடி சிரித்தார். டிராக்டரைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனபோது அந்தச் சிரிப்பைக் கரையிலேயே விட்டுவிட்டுப் போன மாதிரி இருந்தது எனக்கு.

வீட்டுக்கு வந்து கை கால் கழுவும்போது அப்பா சொன்னார்: "இனி முருகன் உட்ட வழி." எல்லாம் கைவிட்டுப் போனால் எல்லாரும் சொல்கிற வார்த்தைதான். அம்மா சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"முருகன் உட்ட வழி பள்ளத்துல தொறந்துதானுங்க கெடக்குது. உங்க அண்ணன் உட்ட வழிதான் பூட்டிக் கெடக்குது. போறதுக்கு வண்டிதான் சரியில்ல."

"அதுக்கு?"

"முன்னால ரெண்டு சக்கரம் சும்மாதானே வருது? அதுகளையும் இழுக்க வெய்யுங்க. பட்டறை வெச்சிருக்கறது எதுக்கு?"

அப்பா சிரித்தார். மூன்று நாள் சிரித்தார். நாலாம் நாள் உக்கடத்துப் பழைய இரும்புக் கடையிலிருந்து, உடைத்த ஜீப்பின் முன் ஆக்சிலும், எஞ்சின் இழுப்பை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துக் கொடுக்கிற கியர் பெட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கின. அந்தப் பெட்டிக்கு மெக்கானிக்குகள் வேறு பேர் சொல்வார்கள். அப்பா வைத்த பேர் 'பங்குப் பெட்டி'. "இது பங்கு பிரிச்சாச் சண்டை வராது பாரு கண்ணு, நாலு பேருக்கும் வேலை குடுத்துப்போடும்" என்பார் என்னிடம்.

ஆடி மாதம் முழுக்க வண்டி கட்டைகள் மேல் நின்றது. ஆடியில் போய் ஓடுகிற வண்டியை அறுப்பதா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். "ஆடின்னு வாழை பழுக்காம நிக்குமாங்க?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். கேட்டவர்களுக்குக் காப்பியும் கொடுத்தாள்.

இங்கேதான் தப்பு நடந்தது. ஆக்சிலுக்குப் பல்சக்கரம் இருக்கிற ஒரு உருண்டை உண்டு. ஜீப்பின் ஆக்சிலில் அது இடது பக்கம். எங்கள் பங்குப் பெட்டிக்கு அது வலது பக்கம் வேண்டும். அப்பா ஆக்சிலைத் தலைகீழாகத் திருப்பினார், உருண்டை வலது பக்கம் வந்துவிட்டது, இரண்டு முனையையும் அறுத்து நிமிர்த்தி வெல்டிங் வைத்தார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. ஓட்டிப் பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். ஆனால் பூஜை போடாமல் சக்கரம் உருளக் கூடாது என்பது எங்கள் வீட்டில் யாரும் மீறாத விஷயம். அதனால் ஒரு முழம்கூட நகர்த்திப் பார்க்காமல், சென்னிமலை முருகனுக்கு முடிந்து வைத்த மஞ்சள் துணியை ஸ்டியரிங்கில் கட்டி, ஆவணி முதல் வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தோம்.

பட்டறை முன்னால் தெருவே கூடியது. பெரியப்பாவும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். சூடம் காட்டி, தேங்காய் உடைத்து, சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்து, அப்பா முன் ஆக்சிலுக்கான புது லீவரைப் போட்டு கிளட்சை விட்டார். பின்சக்கரத்துப் பழங்கள் இரண்டும் வெடித்தன. முன்சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின! பின்னது முன்னால் தள்ள, முன்னது பின்னால் தள்ள, வண்டி சளிக்காய்ச்சல் வந்த எருமை மாதிரி நின்ற இடத்திலேயே நடுங்கி, மண்ணை வாரி முன்னால் நின்றவர்கள் மேல் இறைத்துவிட்டு ஆஃப் ஆனது. ஆயில் கசிந்தது. தெரு விழுந்து விழுந்து சிரித்தது. முன்னால் வைத்த பழங்கள் இரண்டும் மண் மூடி, முழுசாக, அப்படியே இருந்தன.

பெரியப்பா வேட்டியை உதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"பாத்தியா தம்பி? சாமி எலுமிச்சம்பழத்துல சொல்லிப்போடுச்சு. உனக்கு அந்தத் தோட்டம் ஒட்டாது. அடுத்த வாரம் பத்திர ஆபீசுக்கு வந்துரு."

அப்பா லீவரைப் பிடித்த கையை எடுக்கவில்லை. அவர் கண் கலங்கியதை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன். "செரிங்கண்ணா" என்று சொல்ல அவர் வாய் திறந்தது எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு வார்த்தையில் நாலு ஏக்கரும் போயிருக்கும். அதற்குள் அம்மா குனிந்து அந்த இரண்டு பழத்தையும் பொறுக்கி முந்தானையில் துடைத்துவிட்டாள்.

"சாமி வேண்டாம்னு சொல்லுலீங்க மாமா. எந்தப் பக்கம் தப்புன்னு காட்டிக் குடுத்திருக்குது. நாலும் வெடிக்காம இருந்தா நாங்க எங்கீங்க போயித் தேடறது?" என்று பெரியப்பாவிடம் சொன்னவள், பழங்களை முன்கண்ணாடிக்கு உள்ளே வைத்தாள். "மறுக்காப் பூஜை போடுவோமுங்க. நீங்க அவசியம் வந்துரோணும். கேட்டுப் பூட்டியிருக்குதுன்னு நாங்க கோவிச்சுக்கலீங்க, மண்ணு பட்டதுக்கு நீங்களும் கோவிச்சுக்காதீங்க."

அவ்வளவு 'ங்க' போட்டு ஒருவரைத் திட்ட முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஆக்சிலைத் தலைகீழாக்கினால் சக்கரம் சுற்றுகிற திசையும் தலைகீழாகும் என்பதை அப்பா அன்று மத்தியானமே கண்டுபிடித்துத் தலையில் அடித்துக்கொண்டார். உருண்டை வலது பக்கமே இருக்கிற ஆக்சிலைத் தேடி உக்கடத்துக்குப் பத்து நாள் அலைந்தார். கிடைத்து, மாட்டி முடித்ததும் மறுபடி நல்ல நாள் பார்க்கப் பஞ்சாங்கத்தை எடுத்தார். அம்மா பஞ்சாங்கத்தை வாங்கி மூடினாள்.

"மொதல்ல சுத்திப் பாருங்க."

"பூஜை போடாமயா?"

"பிள்ளையார்கிட்ட நான் சொல்லிக்கறேன். கும்படறதும் நம்ம வேலைதான், பல்லுப் பாக்கறதும் நம்ம வேலைதான்."

நாலு சக்கரத்தையும் ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பார்த்தார்கள். நாலும் முன்னோக்கியே சுற்றின. பிறகு பூஜை போட்டோம். முன்சக்கரத்துக்கு, காய்ந்து சுருங்கிப் போன அந்தப் பழைய பழங்களையே அம்மா வைத்தாள். வெடிக்கச் சாறில்லாவிட்டாலும் இந்த முறை அவை நசுங்கின. பெரியப்பா வரவில்லை.

வாழைத்தார் வெட்டிய அன்று முந்தின மழையில் பள்ளத்து மணல் ஈரமாகக் கிடந்தது. பாதி வண்டிக்கு ஏற்றினால் போதும் என்றார் அப்பா. முழுசாக ஏற்றச் சொல்லிவிட்டு அம்மா என்னை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். மணலில் வண்டி ஒருமுறை முக்கியது. அம்மாவின் வாய் கந்தசஷ்டி விரதத்தில் முணுமுணுக்கிற மாதிரி 'முருகா முருகா' என்றது. அப்பா லீவரைத் தள்ளினார். முன்சக்கரங்கள் ஈர மணலைக் கடித்து இழுக்கிற சத்தம் என் உள்ளங்காலுக்குத் தெரிந்தது. வானத்தைப் பார்த்தபடி கரையில் ஏறினோம். மேலே வேலியோரம் பெரியப்பா நின்றிருந்தார், பின்னால் டிராக்டர் தயாராக. இந்த முறை அவர் வாயில் வெற்றிலை இல்லை. அம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, ரெண்டு கையையும் கூப்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்:

"போயிட்டு வாரேனுங்க மாமா!"

வாரேன் என்று சொன்னவள் வாரா வாரம் அந்த வழியாகவே போனாள், வந்தாள். கேட்டைத் திறக்கச் சொல்லி ஒருநாளும் கேட்கவில்லை.

இன்றைக்கு அந்தப் பிக்கப் இல்லை. வயது முடிந்து, பிறந்த இரும்புக்கே போய்விட்டது. அப்பாவும் இல்லை. கணபதியில் பட்டறை இருந்த இடத்தில் செல்போன் கடை. பள்ளத்தின் மேல் பாலம் வந்துவிட்டது. பெரியப்பா பூமியை அவர் மகன் சைட் போட்டு விற்றதில் இட்டேரி, கேட்டு, பூட்டு எல்லாம் போய்விட்டன. எங்கள் நாலு ஏக்கர் மட்டும் அப்படியே இருக்கிறது, வாழையோடு.

போன மாதம் நாங்கள் புது வேன் எடுத்தோம். கோயில் முன்னால் பழம் வைக்கப் போன ஐயரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு, நான் வண்டியை எடுத்து முன்னால் ஒரு முழம், பின்னால் ஒரு முழம் நகர்த்திப் பார்த்தேன்.

"ஏனுங்க அம்மணி, பூஜைக்கு முன்னால உருட்டலாமுங்களா?" என்றார் ஐயர், பதறிப் போய்.

"சாமிக்கு எங்க குடும்பத்தைத் தெரியுமுங்க" என்றேன். "இப்ப வெய்யுங்க."

நாலு பழமும் வெடித்தன.